கொப்புக்கு எதைத் தொட்டு நடுவது: கற்றாழையா, தேனா, பட்டையா, இளநீரா?

பக்கத்து வீட்டு மதினியிடம் கேட்டு வாங்கி வந்த அடுக்குச் செம்பருத்திக் கொப்பு தண்ணீர்க் குவளையில் நிற்கும்போதே, அதை எதில் தோய்த்து நடுவது என்பதில் வீட்டில் ஆளுக்கொரு கருத்து வந்துவிடுகிறது. மகள் தேன் என்பாள், மாமியார் சாணம் என்பார், காணொளி பார்த்தவர் இலவங்கப்பட்டைத் தூள் என்பார், நர்சரிக்காரரோ கடையில் விற்கும் வேரூக்கிப் பொடியான ரூட்டிங் பவுடரை விட்டால் வேறு வழியில்லை என்பார். இவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியாமல் நிற்கும் வாசகர்கள் தொடர்ந்து கேட்டு வருவதால், ஒவ்வொரு பொருளையும் ஒரே அளவுகோலில் வைத்துப் பார்ப்பது நல்லது என்று தோன்றியது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சமையலறையில் கிடைக்கும் பொருள்களில் பெரும்பாலானவை வேரை வரவழைப்பவை அல்ல. வேர் வரும் வரையில் குச்சியைச் சாகாமல் காப்பவை. ஆகவே எந்தப் பொருள் உயர்ந்தது என்று கேட்பதற்கு முன்னால், நாம் நடும் குச்சிகள் வழக்கமாக எதனால் பட்டுப்போகின்றன என்று பார்த்துக்கொண்டால் விடை பெரும்பாலும் அங்கேயே கிடைத்துவிடும்.

## எதை வைத்து அளப்பது

குச்சியின் நுனிக்குருத்திலும் இளம் இலைகளிலும் உருவாகும் ஆக்சின் என்னும் வளர்ச்சி ஊக்கி தண்டின் வழியே கீழே இறங்கி, வெட்டுவாய்க்கு அருகில் தேங்குகிறது. அந்தத் தேக்கமே அங்குள்ள செல்களைப் பிரியச் செய்து, புதிய வேர்முனைகளாக மாற்றுகிறது. குச்சியைத் தலைகீழாக நட்டால் வேர் சரியாக வராததற்கு இதுவே காரணம். அடிப்பக்கத்தைச் சாய்வாகவும் மேல்பக்கத்தை நேராகவும் வெட்டிக்கொண்டால் அந்தக் குழப்பம் வராது.

வேர் வருவதற்கு இளந்தண்டில் இரண்டு முதல் நான்கு வாரங்களும், முற்றிய தண்டில் அதைப்போல் இரு மடங்கும் பிடிக்கும். அதற்குள் குச்சி மூன்று வழிகளில் சாகலாம். முதலாவது அழுகல்: அடித்தண்டு கறுத்து, விரலால் அழுத்தினால் நசுங்கி, முகர்ந்தால் புளித்த வாடை வரும். இரண்டாவது உலர்வு: அடிப்பக்கம் கெட்டியாக இருந்தாலும் மேல்தோல் சுருங்கி, இலை மொறுமொறுப்பாகிவிடும். மூன்றாவது வகையில் குச்சி பச்சையாகவே இருக்கும், பிடுங்கிப் பார்த்தால் வெட்டுவாயில் வெள்ளையாகத் திரண்ட புடைப்பு மட்டும் இருக்கும், வேர் இருக்காது. சேமித்த உணவு தீர்ந்ததும் அது மெல்லப் பட்டுவிடும்.

இதன்படி ஒரு பொருளிடம் நாம் கேட்க வேண்டியவை ஐந்து: வேரைத் தூண்டுமா, அழுகலைத் தடுக்குமா, ஈரத்தைக் காக்குமா, கண்ணுக்குத் தெரியாத செலவு என்ன, நம் ஊர்ப் பருவத்துக்கு ஒத்து வருமா.

கடைசிக் கேள்வியைத் திருநெல்வேலிச் சீமையில் யாரும் தள்ளிவிட முடியாது. ஆனி, ஆடி மாதங்களில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வீசும் காற்று பணகுடி, வள்ளியூர், இராதாபுரம் பகுதிகளில் காற்றாலைகளைச் சுழற்றுகிற அதே வேகத்தில் குச்சியின் ஈரத்தையும் உறிஞ்சிவிடும். அதே மாதத்தில் பாபநாசம், அம்பாசமுத்திரம், குற்றாலம் பக்கம் சாரலால் காற்றிலேயே ஈரம் நிற்கும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் எல்லா ஊரிலும் அழுகல்தான் முதல் எதிரி. எனவே வள்ளியூரில் ஆடியில் நடுபவருக்குச் சரியான பொருள் பாளையங்கோட்டையில் கார்த்திகையில் நடுபவருக்குச் சரியாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

## சோற்றுக்கற்றாழை

செலவில்லாமல் கிடைப்பதிலும், எளிதில் கெடுதல் செய்யாததிலும் கற்றாழைக்குத்தான் முதலிடம். வாசல் நிலையில் திருஷ்டிக்காக வேரோடு கட்டித் தொங்கவிட்ட கற்றாழை, மண்ணும் தண்ணீரும் இல்லாமல் மாதக்கணக்கில் பச்சை மாறாமல் இருப்பதைப் பார்த்தே நம்மவர்கள் அதன் உயிர்ப்பிடிப்பை அறிந்து வைத்திருந்தார்கள். அதன் சோற்றில் ஏறத்தாழ நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பங்கு தண்ணீர்தான். மீதியில் வழுவழுப்பைத் தரும் கூட்டுச் சர்க்கரைகளும், சிறிதளவு சாலிசிலிக் அமிலமும், கிருமிகளைக் கட்டுப்படுத்தும் வேறு சில பொருள்களும் உள்ளன. வேரைத் தூண்டும் வலு இதில் மிதமானதே. ஆனால் அந்த வழுவழுப்பு வெட்டுவாயின் மேல் ஒரு படலமாகப் படிந்து, முதல் சில நாள்களுக்கு ஈரத்தைப் பிடித்து வைக்கிறது. அழுகல், உலர்வு என்ற இரண்டு எதிரிகளையும் ஓரளவுக்கு ஒருங்கே சமாளிக்கும் வீட்டுப் பொருள் இது ஒன்றுதான்.

செய்முறையில் ஓர் இடத்தில் பொறுமை வேண்டும். மடலை வெட்டியவுடன் வெட்டிய இடத்தில் மஞ்சள் நிறப் பால் கசியும். மடலைச் செங்குத்தாக ஒரு கிண்ணத்தில் கால் மணி நேரம் நிறுத்தி வைத்தால் அது வடிந்துவிடும். கைக்கு அரிப்புத் தரக்கூடிய அந்தப் பாலைக் கழுவிவிட்டு, தோலைச் சீவி, உள்ளிருக்கும் சோற்றைக் கரண்டியால் வழித்துக்கொள்ள வேண்டும். மிக்ஸியில் அடிக்கத் தேவையில்லை; குச்சியின் அடியில் இரண்டு கணு மூழ்கும்படி மடலுக்குள்ளேயே நேராகச் செருகி எடுத்தாலும் போதும்.

மறைவான செலவு ஒன்று உண்டு. வழித்தெடுத்த சோறு நம் வெயிலில் அரை நாளில் நிறம் மாறிப் புளிக்கத் தொடங்கும். நேற்று எடுத்துக் கிண்ணத்தில் வைத்ததை இன்று பயன்படுத்தினால், எதைத் தடுக்க நினைத்தோமோ அதையே கொண்டுபோய் வெட்டுவாயில் பூசியவர்களாவோம். கடையில் அழகுக்காக விற்கும் பச்சை நிற ஜெல்லில் மணமும் நிறமும் பதப்படுத்திகளும் சேர்ந்திருப்பதால் அது இந்த வேலைக்கு ஆகாது.

காற்றுக் காலத்தில் நடுபவர்கள், செம்பருத்தி, நந்தியாவட்டை, மல்லி போன்ற அரைமுற்றிய தண்டுகளை நடுபவர்கள் முதலில் கையில் எடுக்க வேண்டியது கற்றாழையையே.

## தேன்

தேனில் வேரைத் தூண்டும் ஊக்கி என்று சொல்லத்தக்க அளவில் எதுவும் இல்லை. அதன் பயன் கிருமித் தடுப்பு மட்டுமே. கெட்டித் தேனில் தண்ணீர் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருப்பதால் நுண்ணுயிர்கள் அதில் வாழ முடியாது. தண்ணீர் சேர்த்து நீர்க்கச் செய்தால், தேனீ சேர்த்து வைத்த ஒரு நொதி வேலை செய்யத் தொடங்கி, ஹைட்ரஜன் பெராக்சைடைச் சிறுகச் சிறுக வெளியிடுகிறது. காயத்துக்குத் தேன் தடவும் வழக்கத்துக்குப் பின்னாலும் இந்த வேலைதான் இருக்கிறது.

பலர் சறுக்குவது இங்கேதான். கொதிக்கும் தண்ணீரில் தேனைக் கலந்தால் அந்த நொதி வெந்து செயலிழந்துவிடும். பிறகு மிஞ்சுவது சர்க்கரைத் தண்ணீர். தண்ணீரைக் கொதிக்க வைப்பது சரிதான், ஆனால் அது நன்றாக ஆறிய பிறகே இரண்டு குவளைக்கு ஒரு மேசைக்கரண்டி என்ற கணக்கில் தேனைச் சேர்க்க வேண்டும். பலமாகச் சூடாக்கி வடிகட்டிப் புட்டியில் அடைத்த தேனைவிட, மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து வருவது போன்ற சூடேற்றாத தேன் இதற்கு மேலானது. ஆனால் அந்த விலைக்கு வாங்கிய தேனைக் குச்சியில் தடவ மனம் வருமா என்பது வேறு கேள்வி.

மறைவான செலவு எறும்பு. தரையில் வைத்த தொட்டியில் தேன் தடவிய குச்சியை ஊன்றினால், மறுநாள் காலையில் சிற்றெறும்பு வரிசை பிடித்திருக்கும். அவை மண்ணைத் தோண்டிக் குச்சியின் அடியில் காற்றிடைவெளி உண்டாக்கிவிடும், மாவுப்பூச்சியையும் கூட்டி வரும். தண்ணீர் நிரப்பிய தட்டில் தொட்டியை வைப்பது ஒரு வழி, அதைவிடத் தேனைத் தவிர்ப்பது எளிய வழி. தேனுக்குப் பதிலாகக் கருப்பட்டியைக் கரைக்கலாமா என்று உடன்குடிக்கு அருகில் இருப்பவர்கள் கேட்பதுண்டு. கூடாது. கருப்பட்டிக் கரைசலில் இனிப்பு உண்டு, பாதுகாப்பு இல்லை. அது பூஞ்சைக்கு விருந்தாகிவிடும்.

வேறு எதுவும் கையில் இல்லாதபோது, மாடியில் எறும்பு ஏறாத இடத்தில் ரோஜாக் குச்சி நடுபவருக்குத் தேன் போதுமானது. மற்றவர்களுக்குக் கற்றாழையே மேல்.

## பட்டைத்தூளும் மஞ்சளும்

இவ்விரண்டும் ஒரே வேலையைச் செய்வதால் சேர்த்தே பார்க்கலாம். பட்டையின் காரமணத்துக்குக் காரணமான சின்னமால்டிஹைடு பூஞ்சையை ஒடுக்குவது. மஞ்சளில் உள்ள குர்க்குமினும் அவ்வாறே. இரண்டிலும் வேர் ஊக்கி கிடையாது. இரண்டும் வெட்டுவாயை உலர்த்தும் தன்மை உடையவை என்பதை மட்டும் மறக்கக்கூடாது. மழைக்காலத்தில் அது குணம், காற்றுக் காலத்தில் குற்றம்.

பட்டைத்தூளை வாங்குவதைவிடப் பட்டையை வாங்கி வீட்டில் பொடிப்பது நல்லது, ஏனெனில் நாள்பட்ட தூளில் அந்த எண்ணெய்ச் சத்து பறந்து போயிருக்கும். மஞ்சளிலும் கடைப் பொடியைவிட, விரலி மஞ்சளைக் கல்லில் உரைத்து எடுக்கும் விழுது சிறந்தது; மாவு கலந்த பொடியாக இருந்தால் அந்த மாவின் மேலேயே பூசணம் பிடிக்கும். எதுவாக இருந்தாலும் வெட்டுவாயில் மெல்லிய பூச்சாக ஒட்டினால் போதும், மிகுதியை உதறிவிட வேண்டும். கணுக்களில் அப்பிவிட்டால் வேர் வெளிவர வேண்டிய இடத்தையே உலர்த்திவிடுவோம்.

ஐப்பசி, கார்த்திகையில் ரோஜா, மாதுளை போன்ற முற்றிய தண்டுகளை நடுகிறவர்களுக்கும், பால் வடியும் தண்டுகளை நடுகிறவர்களுக்கும் இதுவே முதல் தேர்வு. விலையைப் பார்த்தால் மஞ்சள்.

## இளநீரும் முருங்கை இலைச் சாறும்

நம் சீமையில் இவ்விரண்டுக்கும் பஞ்சமில்லை என்பதாலோ என்னவோ, இவற்றைப் பற்றித்தான் அதிகமாக மிகைப்படுத்திச் சொல்கிறார்கள். இளநீருக்கு ஆய்வுக்கூடத்தில் உண்மையான பெருமை உண்டு. 1941-இல் வான் ஓவர்பீக் என்னும் தாவரவியலாரும் அவருடைய கூட்டாளிகளும் ஊமத்தையின் மிக இளம் கருக்களைத் தேங்காய்த் தண்ணீர் சேர்த்த ஊடகத்தில் வளர்த்துக் காட்டினார்கள். அதன் பிறகு திசு வளர்ப்புக்கூடங்களில் அது நிலையான பொருளாயிற்று. பின்னாளில் அதில் சியாட்டின் உள்ளிட்ட சைட்டோகைனின் வகை ஊக்கிகள் இருப்பதும் தெரியவந்தது. முருங்கை இலைச் சாற்றின் புகழுக்கும் காரணம் அதே சியாட்டின்தான்.

ஆனால் சைட்டோகைனின் தளிர் விடச் செய்யும் ஊக்கி, வேர் விடச் செய்யும் ஊக்கி அன்று. 1957-இல் ஸ்கூக், மில்லர் என்ற இருவர் புகையிலைத் திசுவில் நடத்திய ஆய்வு இதைத் தெளிவாக்கியது: ஆக்சின் மிகுந்தும் சைட்டோகைனின் குறைந்தும் இருந்தால் வேர் வரும், மாறாக இருந்தால் தளிர் வரும். இளநீரில் ஆக்சினும் சிறிது இருக்கிறது என்பது மெய்யே. ஆயினும் கலக்காத இளநீரில் குச்சியை நெடுநேரம் ஊற வைத்தால் மேலே தளிர் துளிர்ப்பதும், கீழே வேர் இல்லாமல் போவதும் எதிர்பார்க்கத்தக்கதே. நாலைந்து நாளில் தளிர் கண்டு மகிழ்ந்து, மூன்றாம் வாரத்தில் குச்சி சட்டென்று வாடியதைப் பார்த்துத் திகைப்பவர்களுக்கு நேர்வது இதுதான். வேர் இல்லாத தண்டு, தன்னிடம் இருந்த உணவையெல்லாம் தளிருக்குக் கொடுத்துத் தீர்த்துவிடுகிறது.

பயன்படுத்தியே ஆக வேண்டுமென்றால், ஒரு பங்கு இளநீருக்கு நான்கைந்து பங்கு தண்ணீர் சேர்த்து, குச்சியைச் சில மணி நேரம் மட்டும் ஊற வைத்துப் பிறகு சுத்தமான தண்ணீரில் அலசி நடலாம். மிஞ்சியதைத் தொட்டியில் ஊற்றக்கூடாது. அதிலுள்ள சர்க்கரை சில மணி நேரத்தில் புளித்து, தேனுக்குச் சொன்ன எறும்புத் தொல்லையையும் பூசணத்தையும் சேர்த்தே கொண்டுவரும். முருங்கைச் சாற்றைப் பொறுத்தவரை, அதை முப்பது மடங்கு தண்ணீரில் கலந்து, வேர் பிடித்த பிறகு இலைமேல் தெளிப்பதற்கு வைத்துக்கொள்வதே முறை. அங்கே தளிர் விடச் செய்யும் குணம் நமக்குச் சாதகமாகிவிடும்.

குச்சி நடுவதற்கென்று ஓர் இளநீரை வாங்கி வெட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். குடித்துவிட்டுக் கற்றாழையைத் தேடலாம்.

## பசுஞ்சாணம்

சாணத்தின் பெயரில் இரண்டு வேறு வேலைகள் நடக்கின்றன, ஒன்று சரி, மற்றது தவறு. திசையன்விளை, சாத்தான்குளம் பக்கத்துத் தேரி எனப்படும் செம்மணல் நிலங்களில் முருங்கைப் போத்து நடும்போது, மூன்று நான்கு அடி நீளத்துக்கு வெட்டிய கொப்பின் மேல்முனையில் சாணத்தை ஓர் உருண்டையாகப் பிடித்து அப்பிவைக்கும் வழக்கத்தைப் பார்க்கலாம். வெயிலில் அது காய்ந்து மூடிபோல் இறுகி, மேல்வெட்டு வழியாக ஈரம் ஆவியாவதையும், மழைநீர் இறங்கிக் கொப்பு மேலிருந்து அழுகுவதையும், துளைக்கும் வண்டு நுழைவதையும் தடுக்கிறது. விரல் பருமனுக்கு மேற்பட்ட எந்தக் கொப்புக்கும் இதைவிட நல்ல மூடியை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. பருவமழைக் காலத்தில் மட்டும், சாணம் கரைந்துவிடாதபடி சிறிது செம்மண்ணைப் பிசைந்து சேர்க்க வேண்டும்.

மற்றது அடிவெட்டைப் பச்சைச் சாணத்தில் தோய்த்து நடுவது. பச்சைச் சாணம் மண்ணுக்குள் புளிக்கும்போது சூடும் அம்மோனியாவும் உண்டாகும். நுண்ணுயிர்களின் கூட்டமே அதில் இருக்கும். புழுவும் வண்டும் தேடி வரும். முருங்கை போன்ற வன்கொப்பு இதையெல்லாம் தாங்கிவிடலாம், ரோஜாக் குச்சி தாங்காது. இயற்கை முறையில் ஏதேனும் ஒன்றில் தோய்க்க வேண்டும் என்று விரும்புவோர், கரும்புக் கரணை, மஞ்சள், இஞ்சிக் கிழங்கு ஆகியவற்றுக்கு உழவர்கள் செய்வதுபோல மூன்று சதவீதப் பஞ்சகவ்யக் கரைசலில் அரை மணி நேரம் வைத்து எடுக்கலாம். நகரத்தில் சாணம் கிடைப்பதே அரிது என்பதால், மாடித்தோட்டக்காரர்கள் மெழுகுவத்தியை உருக்கி மேல்வெட்டில் இரண்டு சொட்டு விட்டாலும் அதே பலன் கிடைக்கும்.

## எதையும் தொடாமல், வெறும் தண்ணீரில்

ஓமவல்லி, துளசி, மணிபிளாண்ட், அரளி ஆகியவற்றுக்கு எந்தப் பூச்சும் வேண்டாம். இவை தண்ணீர்க் குவளையிலேயே வேர் விடும், கண்ணாடிக் குவளையாக இருந்தால் வேர் வருவதைக் கண்ணாலும் பார்க்கலாம். அரளியின் சாறு நஞ்சு என்பதால் அதற்குக் குடிக்கும் குவளையைப் பயன்படுத்தவே கூடாது, கையையும் கழுவிவிட வேண்டும்.

செலவே இல்லை என்று தோன்றும் இம்முறையின் உண்மையான செலவு கொசு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு விரும்புவது இத்தகைய தெளிந்த, அசையாத நீரைத்தான். முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்க ஏழு முதல் பத்து நாள்களே போதும். இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை தண்ணீரைக் கொட்டிக் குவளையைத் தேய்த்துக் கழுவுவது குச்சிக்கும் நல்லது, தெருவுக்கும் நல்லது. ஒரு சிறு துண்டு அடுப்புக்கரியைப் போட்டுவைத்தால் நீர் நாற்றமெடுப்பது குறையும். இன்னொன்று, தண்ணீரில் பிறந்த வேர் எளிதில் முறியும், வேர்த்தூவியும் குறைவு. ஆகவே இரண்டு விரற்கடை நீளம் வந்ததுமே மண்ணுக்கு மாற்றி, ஒரு வாரம் நிழலில் வைக்க வேண்டும். நீளமாக வளரட்டும் என்று காத்திருந்தால் மாற்றும்போது இழப்பே மிஞ்சும்.

## கடையில் விற்கும் ரூட்டிங் பவுடர்

ஒப்பீடு நேர்மையாக இருக்க வேண்டுமானால் இதையும் தட்டில் வைக்கத்தான் வேண்டும். இதிலுள்ள இண்டோல் பியூட்டிரிக் அமிலத்தின் வேரூக்கும் ஆற்றல் 1935 முதலே அறியப்பட்டது. தண்டு முற்ற முற்ற வலுவும் கூட வேண்டும் என்பதால் இளந்தண்டுக்கு 1,000 பி.பி.எம். (பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கு), அரைமுற்றிய தண்டுக்கு 3,000, முற்றிய தண்டுக்கு 8,000 என்ற அளவுகளில் பொடி தயாரிக்கப்படுகிறது. மேலே பார்த்த மூன்றாவது வகைச் சாவுக்கு, அதாவது பச்சையாக இருந்தும் வேர் வராத குச்சிக்கு, மருந்து இது ஒன்றே. அந்த இடத்தில் எந்த வீட்டுப் பொருளும் இதற்கு ஈடாகாது என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும்.

இதன் மறைவான செலவுகள் வேறு வகை. தொட்டியில் இரண்டு குச்சி நடுபவருக்கு ஒரு டப்பா பல ஆண்டு வரும், அதற்குள் அது காலாவதியாகிவிடும். மாடி அறையின் வெக்கையில் வைத்தால் இன்னும் சீக்கிரம் வலுவிழக்கும். குச்சியை டப்பாவுக்குள்ளேயே விட்டுத் தோய்த்தால் ஒரு குச்சியின் நோய் எல்லாக் குச்சிக்கும் போகும். சிறிது பொடியைத் தனியே தட்டிக்கொள்வதே முறை. இளந்தண்டுக்கு முற்றிய தண்டின் அளவைப் பூசினால் அடி கருகிவிடும். முழுக்க இயற்கை முறையில் தோட்டம் நடத்துகிறவர்களுக்கு இது கொள்கை அளவிலேயே ஒத்து வராது. காகிதப்பூவைப் பத்துத் தொட்டியில் வைக்கப் போகிறவர், பட்டைத்தூளை வைத்துக்கொண்டு ஒரு மழைக்காலத்தை வீணாக்குவதைவிட இதை வாங்கிவிடலாம்.

## ஒரு பார்வையில்

| பொருள் | வேர்த் தூண்டல் | அழுகல் தடுப்பு | ஈரம் காத்தல் | மறைவான செலவு | எப்போது சரி |
|---|---|---|---|---|---|
| சோற்றுக்கற்றாழை | மிதம் | மிதம் | நன்று | அன்றன்று எடுக்க வேண்டும் | காற்றுக் காலம், அரைமுற்றிய தண்டு |
| தேன் | இல்லை | நன்று | இல்லை | எறும்பு, விலை | எறும்பு ஏறாத மாடி |
| பட்டை, மஞ்சள் | இல்லை | நன்று | உலர்த்தும் | கலப்படப் பொடி | ஐப்பசி, கார்த்திகை |
| இளநீர் | நிச்சயமில்லை | இல்லை | மிதம் | புளிப்பு, எறும்பு, வேரில்லாத் தளிர் | தவிர்க்கலாம் |
| சாணம் (மேல்வெட்டில்) | இல்லை | நன்று | மிக நன்று | நகரத்தில் கிடைக்காது | முருங்கை, பருத்த கொப்பு |
| வெறும் தண்ணீர் | இல்லை | இல்லை | மிக நன்று | கொசு, மாற்றும்போது இழப்பு | ஓமவல்லி, துளசி, அரளி |
| ரூட்டிங் பவுடர் | மிக நன்று | வகையைப் பொறுத்தது | இல்லை | காலாவதி, அளவு தவறினால் கருகல் | காகிதப்பூ, முற்றிய தண்டு |

அட்டவணையில் சேராத இரண்டு செய்திகள் உண்டு, இரண்டும் பூச்சைவிட முக்கியமானவை. ஒன்று தண்ணீர். தாமிரபரணித் தண்ணீர் குழாயில் வருகிற வீடுகளில், குளோரின் வாடை போக ஓர் இரவு திறந்து வைத்துவிட்டு ஊற்றினால் போதும். கடலோரத்தை ஒட்டிய ஊர்களில் போர்த் தண்ணீர் உப்புக் கரிக்கும் இடங்களில், அந்தத் தண்ணீரையே ஊற்றிக்கொண்டு தேனையும் கற்றாழையையும் குறை சொல்வதில் பொருளில்லை. வேர் வரும் வரைக்காவது மழைநீரையோ குடிநீரையோ ஊற்ற வேண்டும். மற்றது மண். கோவில்பட்டி, சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசல் மண் ஈரத்தை இறுகப் பிடித்துக்கொண்டு அடித்தண்டுக்குக் காற்று விடாது. மணலும் மட்கிய தென்னை நார்க்கழிவும் சரிபாதியாகக் கலந்த கலவை பாதுகாப்பானது. எம்-சாண்ட் என்றால் கல்தூசு போகவும், நார்க்கழிவு என்றால் உப்புப் போகவும் பலமுறை அலச வேண்டும்.

காற்றுக் காலத்தில் நடுகிறவர்கள் இலைகளில் நுனியில் உள்ள இரண்டை மட்டும் விட்டு, அவற்றையும் பாதியாக நறுக்கி, அடி வெட்டிய தண்ணீர்ப் பாட்டிலைக் குச்சிமேல் கவிழ்த்து நிழலில் வைத்தால், எந்தப் பூச்சாலும் தர முடியாத ஈரக்காப்பு கிடைக்கும். வெயிலில் வைத்தால் அதே பாட்டில் குச்சியை அவித்துவிடும்.

## எந்தச் செடிக்கு எது

செம்பருத்தி, நந்தியாவட்டைக்குக் கற்றாழை. மல்லிக்கு நுனிக்குச்சியும் கற்றாழையும். பிச்சிக்கு எதுவும் வேண்டாம்; தரையோடு படரும் கொடியின் ஒரு கணுவைக் கீறி, மண்ணுக்குள் அமுக்கி, மேலே ஒரு கல்லை வைத்துவிட்டால் தாய்க்கொடியிடமிருந்தே உணவு வாங்கிக்கொண்டு வேர் விட்டுவிடும். பன்னீர் ரோஜா, பட்டன் ரோஜாவுக்குக் காற்றுக் காலத்தில் கற்றாழையும் மழைக்காலத்தில் மஞ்சளும். ஒட்டுக் கட்டிய பெரிய பூ ரோஜாக்கள் குச்சியில் வேர் பிடித்தாலும் ஒட்டுச்செடியின் வலு வராது. மாதுளைக்கு முற்றிய தண்டும் பட்டைத்தூளும் போதும். காகிதப்பூவுக்கு ரூட்டிங் பவுடர். முருங்கைக்கு மேலே சாணம், ஆனால் பி.கே.எம்.1 போன்ற செடிமுருங்கையை விதை போட்டே வளர்க்க வேண்டும்.

இன்னும் ஐயம் தீராதவர்கள், ஒரே கொப்பில் ஒரே நாளில் எடுத்த குச்சிகளில் பாதிக்குப் பூச்சிட்டு, மீதியை வெறுமனே அருகருகே நட்டுப் பார்க்கலாம். எதையும் தொடாத பாதியும் அதே அளவுக்குப் பிழைத்திருந்தால், அந்தச் செடிக்கு அந்தப் பொருள் தேவையில்லை என்று வைத்துக்கொண்டு அடுத்த முறை விட்டுவிடலாம். உருளைக்கிழங்கில் ரோஜாக் குச்சியைச் செருகி நடும் காணொளி முறையையும் விரும்பினால் இதே சோதனையில் சேர்த்துக்கொள்ளுங்கள். கிழங்கு அழுகினால் குச்சியும் அதனோடு போகும், அழுகாவிட்டால் உருளைச் செடி முளைக்கும்.

சில செடிகளுக்கு இந்தப் பட்டியலில் உள்ள எதுவும் உதவாது. மாமரக் கொப்பை எதில் தோய்த்தாலும் வேர் வராது என்றே கொள்ள வேண்டும், அதற்கு ஒட்டுத்தான் வழி. கொய்யாவுக்கு விண்பதியம், அதாவது மரத்தில் இருக்கும்போதே கிளையில் வேர் விடச் செய்து பிறகு வெட்டி நடுவது. புளியங்குடிக் காய் போன்ற நாட்டு எலுமிச்சைக்கு விதையே போதும். அதன் விதைக் கன்றுகள் பெரும்பாலும் தாய்மரத்தின் குணத்தோடேயே வரும். கறிவேப்பிலைக்கு, பக்கத்து வீட்டு மரத்தின் வேரிலிருந்து கிளம்பிய பக்கக்கன்று ஒன்றை வேரோடு தோண்டித் தரும்படி மதினியிடம் கேட்பதே நல்லது. பழுத்துக் கறுத்த பழம் கிடைத்தால் சதையைக் கழுவி நீக்கி, விதையைக் காயவிடாமல் அந்த வாரத்துக்குள் ஊன்றிவிட வேண்டும்.